கொல்லன் பட்டறையும் ஈயும்

போன ஆயுத பூசைக்குப் பெங்களூரில் மகன் வீட்டில் இருந்தேன். பன்னிரண்டாவது மாடி. சுவரில் பதித்த சின்னப் பூசை மாடத்தின் முன்னே மகனின் மடிக்கணினி, மருமகளின் மடிக்கணினி, பேரனின் ஜாமெட்ரி பாக்ஸ், கார் சாவி, மிக்ஸி என்று வரிசையாக வைத்துச் சந்தனம் குங்குமம் இட்டிருந்தார்கள். கற்பூரம் காட்டி முடித்ததும் மகன் சொன்னான்: "அப்பா, அடுத்த தடவை வர்றப்ப தாத்தாவோட சுத்தியலை எடுத்துட்டு வாங்க. ஷோகேஸ்ல வெச்சு உள்ளே ஒரு லைட் போட்டுடலாம். நம்ம குடும்பப் பாரம்பரியம் இல்லையா!"

"அதால என்ன தாத்தா செய்வாங்க?" என்று பேரன் கேட்டான். நான் சொல்ல ஆரம்பித்தேன். மூன்று நிமிடம் கேட்டிருப்பான். அதற்குள் பாயசம் வந்துவிட்டது.

மகன் மீது எனக்கு வருத்தம் இல்லை. அவனுக்குப் பட்டறையைக் காட்டாமல் வளர்த்தவன் நான்தானே. ஆனால் வண்டியேறி மாரிகுப்பத்தில் வந்து இறங்கும்வரை அந்த ஷோகேஸ் விளக்கு என்னை விடவில்லை. சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று ஆசிரியர் குழு நண்பர்கள் கேட்டபோது, இதையே எழுதுவோம் என்று தோன்றியது. சிலருக்குக் கசக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் சங்க மேடைகளில் ஆண்டுதோறும் ஒரு பேச்சு தவறாமல் வருகிறது. பாரம்பரியக் கைத்தொழில்கள் அழிகின்றன, குடும்பத் தொழிலைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள் என்று. நானும் கைதட்டியிருக்கிறேன். 2025 ஜனவரியில் தமிழக அரசு 'இரும்பின் தொன்மை' என்ற அறிக்கையை வெளியிட்டு, தமிழ் நிலத்தில் 5,300 ஆண்டுகளுக்கு முன்பே இரும்பு இருந்தது, தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையே சான்று என்று அறிவித்தபோது, இங்கே எங்கள் தெருவிலும் இனிப்பு கொடுத்தார்கள். நல்லது. அதே தெருவில் மழுங்கிய அரிவாள்மணையைத் தட்டிக் கொடுக்க ஆள் இல்லை. புதிதாக ஒன்றைக் கடையில் வாங்கிக்கொள்கிறார்கள்.

எங்கள் குடும்பக் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். என் தாத்தா குடியாத்தம் பக்கத்துக் கொல்லர். 1920களில் தங்கவயலுக்கு வந்தார். ஜான் டெய்லர் கம்பெனி 1880 முதல் இங்கே சுரங்கம் நடத்திக்கொண்டிருந்த காலம். வடஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த நம் மக்கள் பூமிக்கடியில் பாறையைத் துளைத்தார்கள். துளைக்கிற கம்பிக்கு மேலே ஒருவன் முனை தட்டிக் கொடுத்தாக வேண்டுமே, அந்த வேலைக்கு வந்தவர் தாத்தா. வெள்ளைக்கல் பாறை பொல்லாதது. சில அங்குலம் உள்ளே போவதற்குள் முனை மழுங்கிவிடும். ஒரு ஷிஃப்டுக்கு மூட்டை மூட்டையாகக் கம்பி மேலே வரும். அத்தனையும் உலையில் ஏறி, முனை தட்டி, தோய்ச்சல் போட்டுத் திரும்பவும் கேஜில் இறங்கும். தங்கம் எடுத்த கதையை எல்லாரும் சொல்வார்கள். தங்கத்தை எடுத்தது இரும்பு என்பதை யாரும் சொல்வதில்லை.

பிறகு காற்றுத் துளைப்பான் வந்தது. அதற்கான கம்பிக்கு நடுவில், தண்ணீர் போவதற்கென்று நீளமாக ஒரு துவாரம் இருக்கும். முனையை அடிக்கும்போது அந்தத் துவாரம் அடைபடாமல் அடிக்க வேண்டும். அப்பா 1946இல் சுரங்கப் பட்டறையில் சேர்ந்தபோது அதில்தான் பெயர் வாங்கினார். பின்னாளில் கார்பைடு முனை வைத்த கம்பிகள் வந்தன. உலைக்கு வேலை குறைந்தது. அப்பா வேறு பிரிவுக்கு மாற்றப்பட்டார். ஆனால் ஆண்டர்சன்பேட்டையில் எங்கள் வீட்டுக் கொல்லையில் சொந்தமாக ஓர் உலை வைத்திருந்தார். சாயங்காலச் சங்கு ஊதி அவர் வீடு வந்ததும் அது மூளும். அரிவாள், கொடுவாள், மண்வெட்டி, உளி, கடப்பாரை என்று சுற்றுக் கிராமத்துக் கன்னடக் குடியானவர்களும் தெலுங்குக்காரர்களும் வந்து காத்திருப்பார்கள். இரும்புக்கு மொழி ஏது!

அந்தப் பட்டறை பகலிலும் இருட்டாகவே இருக்கும். வடக்குப் பக்கம் ஒரு சாக்குத் தொங்கும். காற்றுக்காக அதை ஒருநாள் நான் விலக்கப்போய் அடி வாங்கினேன். அடித்த பிறகுதான் காரணம் சொன்னார். வெயிலில் இரும்பின் நிறம் தெரியாது. நிறம் தெரியாவிட்டால் தோய்ச்சல் தப்பிவிடும்.

தோய்ச்சல் என்பதைப் பேரனுக்கு மூன்று நிமிடத்தில் சொல்ல முடியவில்லை. இங்கே சொல்லிப் பார்க்கிறேன். உளியை அடித்து முடித்து, செக்கச் சிவக்கக் காய்ச்சி, முனையை மட்டும் தண்ணீரில் முக்குவார்கள். அப்போது முனை கண்ணாடி மாதிரி கெட்டியாகிவிடும், அடித்தால் உடையும். உடனே வெளியே எடுத்து ஒரு கல்லால் வேகமாகத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டும். மேல் பாகத்தில் மிச்சமிருக்கும் சூடு மெல்ல மெல்ல முனைக்கு இறங்கி வரும். அப்போது நிறங்கள் ஊர்ந்து வரும். முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு, கத்தரிப்பூ நிறம், கடைசியில் நீலம். கத்திக்கு மஞ்சளும் பழுப்பும் சேருமிடம். வெட்டுளிக்குக் கத்தரிப்பூ. வேண்டிய நிறம் முனைக்கு வந்த அந்தக் கணத்தில் மறுபடி தண்ணீரில் போட வேண்டும். கொஞ்சம் முந்தினால் உடையும், பிந்தினால் வளையும். மஞ்சள் என்பது ஏறக்குறைய 230 டிகிரி, நீலம் 300ஐ ஒட்டி என்று நான் ஐ.டி.ஐ.யில்தான் படித்தேன். அப்பாவுக்கு டிகிரி தெரியாது. ஒரு தடவைகூட அவர் தப்பியதில்லை.

இதை எனக்கு அப்பா சொல்லிக்கொடுத்தாரா? பக்கத்தில் நிற்க வைத்தார். துருத்தி போடச் சொன்னார். பன்னிரண்டு வயதிலிருந்து பதினெட்டு வரை சம்மட்டி அடித்தேன். நிறம் பார்க்கிற இடத்துக்கு வரும்போது மட்டும், "போய்ப் படிடா. இந்தக் கரியிலே நீயும் வேகணுமா?" என்பார். குலத்தொழில் கற்காமலே வந்துவிடும் என்று ஒரு பழைய பேச்சு உண்டு. சுத்தப் பொய். பரம்பரைக் கொல்லன் மகனான எனக்கு இன்றும் கத்தரிப்பூவும் நீலமும் பத்துக்கு மூன்று தடவை தப்புகிறது.

சொல்ல வந்தது இனிமேல்தான்.

1974. அப்பாவோடு சுரங்கத்தில் வேலை பார்த்த ஒருவர், கீழே மரம் முட்டுக் கொடுக்கும் வேலைக்காரர், ஆதிதிராவிடர், வடஆற்காட்டிலிருந்து எங்கள் தாத்தா வந்த அதே ஆண்டுகளில் அவர் அப்பாவும் வந்தவர். இருவரும் ஒரே தட்டில் வேர்க்கடலை தின்கிற அளவுக்குப் பழக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை தம் மகனைக் கூட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். பையனுக்குப் பதினாறு வயது. எட்டாவதோடு நின்றவன். வாரக்கணக்காக எங்கள் வேலிக்கு வெளியே நின்று உலையைப் பார்த்துக்கொண்டிருந்தவன் அவன் என்பது எனக்குத் தெரியும்.

"ஆசாரி, இவனைக் கூட வெச்சிக்கோ. சம்பளம் வேணாம். சுரங்கத்துக்குள்ளே அனுப்ப இவங்கம்மா பயப்படுறா. கையிலே ஒரு தொழில் இருந்தா பொழைச்சுக்குவான்" என்றார்.

அப்பா சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: "கொல்லன் பட்டறையிலே ஈக்கு என்னப்பா வேலை? இது எங்க பரம்பரைத் தொழில். அவனவன் பிறந்த வழிப்படிதான் வரும்."

நண்பரும் சிரித்தார். பையன் சிரிக்கவில்லை. துருத்திக் கயிற்றைப் பிடித்தபடி நான் நின்றுகொண்டிருந்தேன். அப்போது எனக்குப் பதினெட்டு வயது. ஐ.டி.ஐ. விண்ணப்பம் போட்டாகிவிட்டது, நான் பட்டறைக்கு வரப்போவதில்லை என்பது எனக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். "அப்பா, நான்தான் போகிறேனே, அவனை வைத்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர்கள் போன பிறகும் சொல்லவில்லை.

அயோத்திதாச பண்டிதரின் 'தமிழன்' இதழ் அவர் காலத்துக்குப் பின் 1926இல் மறுபடி வெளிவந்தது இந்தத் தங்கவயலிலிருந்துதான். ஜி. அப்பாதுரையார் நடத்தினார். அப்படிப்பட்ட ஊரில், வேலிக்கு அந்தப் பக்கம் நின்றவனுக்கு ஒரு சம்மட்டி கிடைக்கவில்லை. அந்தப் பையன் சுரங்கத்துக்குத்தான் போனான்.

நான் 1978இல் பெமலில் சேர்ந்தேன். அப்பா 1986இல் ஓய்வு பெற்று, 1993இல் காலமானார். உலையில் மண் விழுந்தது. சுரங்க நிர்வாகம், 1972 முதல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் என்ற பெயரில் நடந்தது, 2001 பிப்ரவரி 28ஆம் தேதி மூடப்பட்டது. அன்று தெருத்தெருவாக ஆண்கள் வெறுங்கையோடு நின்றார்கள். வெறுங்கை என்பதை யோசித்துத்தான் எழுதுகிறேன். மூன்று தலைமுறையாக நாம் பிள்ளைகளுக்குக் கொடுத்தது தொழிலை அல்ல, வேலையை. அப்பா ஓய்வு பெற்றால் மகன் சேரலாம் என்ற நம்பிக்கையை. வேலை போனால் போயிற்று. அதை ஒரு பெட்டியில் போட்டு வேறு ஊருக்கு எடுத்துக்கொண்டு போக முடியாது. இன்றும் விடியற்காலை இரயிலில் ஆயிரக்கணக்கில் பெங்களூருக்குப் போய் இரவில் திரும்புகிறார்களே, அவர்களில் எத்தனை பேருக்குக் கையில் ஒரு தொழில் இருந்திருக்கலாம்!

"அப்படியானால் குலக்கல்வியே நல்லது என்கிறீரா?" என்று சிலர் கேட்பீர்கள். இல்லை. 1953இல் சென்னை மாநிலத்தில் இராஜாஜி கொண்டுவந்த திட்டம், பாதி நாள் பள்ளி, மீதி நாள் பெற்றோரின் தொழில் என்றது. எதிர்ப்பு பலமாக எழுந்தது. 1954இல் காமராசர் வந்ததும் கைவிடப்பட்டது. தங்கவயல் அப்போது மைசூர் மாநிலம், நமக்கு அது பொருந்தவில்லை. ஆனால் திண்ணைகளில் அதைப் பற்றிய சண்டை இங்கேயும் நடந்தது என்று அப்பா சொல்வார். கொல்லன் மகன் கொல்லனாகத்தான் ஆக வேண்டும் என்பதை எதிர்த்தவர்கள் சரியாகவே எதிர்த்தார்கள். நான் ஐ.டி.ஐ. போனதும் என் மகன் கணினிக்குப் போனதும் அந்த எதிர்ப்பின் பலன். ஆனால் வாதத்தின் மறுபாதியை நாம் பேசாமல் விட்டுவிட்டோம். கொல்லன் மகன் போக விரும்பினால் போகட்டும் என்றோம். மற்றவன் மகன் வர விரும்பினால்? அந்த வாசல் சாத்தியபடியே இருந்தது. போகிறவன் போனான், வருகிறவனை விடவில்லை, பட்டறை காலியாயிற்று. இதற்குப் பெயர் காலத்தின் கொடுமையா?

இன்றும் அந்தச் சண்டை ஓயவில்லை. மத்திய அரசு 2023 செப்டம்பரில் விஸ்வகர்மா திட்டம் என்று 18 தொழில்களுக்குக் கொண்டுவந்தது, அதில் கொல்லரும் உண்டு. குடும்பத் தொழிலாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையைத் தமிழக அரசு ஏற்கவில்லை. 2025இல் 25 தொழில்களுக்குக் கலைஞர் கைவினைத் திட்டம் என்று, குடும்பம் என்ன என்று கேட்காத திட்டம் ஒன்றைத் தானே தொடங்கியது. கட்சி அரசியல் எனக்கு வேண்டாம். குடும்பத்தைக் கேட்கக் கூடாது என்பதில் மட்டும் தமிழக அரசு சொன்னது சரி என்பது என் எண்ணம். ஆனால் அதிலும் 35 வயது ஆகியிருக்க வேண்டுமாம். கைக்குப் பழக்கம் ஏறுவது பதினெட்டிலா, முப்பத்தைந்திலா? மத்தியத் திட்டத்தில் அடிப்படைப் பயிற்சி ஒரு வாரத்துக்குள், மேல்பயிற்சி 15 நாள், நாளுக்கு 500 ரூபாய் உதவித்தொகை. ஒரு வாரத்தில் துருத்தியைச் சீராகப் போடக்கூட வராது என்று யாராவது அவர்களிடம் சொல்லியிருக்கலாம். கடன் கொடுக்கிறார்கள், கருவி கொடுக்கிறார்கள். குருவின் பக்கத்தில் ஒருவன் இரண்டு வருடம் பட்டினி கிடக்காமல் நிற்பதற்குத்தான் வழியைக் காணோம்.

சுவாமிமலையைப் பாருங்கள் என்பார்கள். பார்த்துவிட்டு வந்தேன். 2023இல் டெல்லியில் ஜி-20 மாநாட்டுக்காகப் பாரத் மண்டபத்தின் முன் வைத்தார்களே, 27 அடி நடராசர், 18 டன் எடை, அது இராதாகிருஷ்ண ஸ்தபதியும் சகோதரர்களும் சேர்ந்து ஏழு மாதத்தில் செய்தது. மெழுகில் உருவம் செய்து, காவிரி வண்டல் மண்ணைப் பூசி, காய்ச்சி மெழுகை வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றும் அதே பழைய முறை. முப்பத்து நான்காம் தலைமுறை என்று பத்திரிகைகள் எழுதின. பெருமைதான். நான் போனபோது வேறொரு பட்டறையில் மண் பூசிக்கொண்டிருந்தவரிடம் பேச்சுக் கொடுத்தேன். விவசாயக் குடும்பமாம். பதினைந்து வருடமாக இருக்கிறாராம். முதலாளி தலைமுறைக் கணக்குச் சொல்கிறார். மண்ணைப் பூசுகிற கை புதுக் கை. இரண்டும் சேர்ந்துதான் அங்கே உலை எரிகிறது. கோயில்களும் வெளிநாட்டாரும் விலை கொடுத்து வாங்குகிறார்கள் என்பது இன்னொரு காரணம், முக்கியமான காரணம். எங்கள் அரிவாளுக்கு டெல்லியில் மண்டபம் கிடையாது. அதனால் அதற்கு உள்ளூரில் பத்து வீடு வேண்டும்.

2016இல் ஓய்வு பெற்றதும் கொல்லையில் உலையைத் தூர்வாரினேன். துருத்திக்குப் பதில் ஒரு சின்ன மின் ஊதி. அப்பாவின் பட்டறைக்கல் மண்ணுக்குள் பாதி புதைந்து அப்படியே இருந்தது. குடும்பத்தில் கேட்டுப் பார்த்தேன். தம்பி மகன், "பெரியப்பா, யூடியூப்ல போடுங்க, பாக்குறேன்" என்றான். பிறகு வெளியே சொன்னேன், யார் வேண்டுமானாலும் வரலாம் என்று.

முதலில் ஒரு பையன் வந்தான். கை சுறுசுறுப்பு. ஒன்றரை மாதம் வந்தான். பெங்களூரில் ஒரு கிடங்கில் மாதச் சம்பளத்துக்கு ஆள் எடுத்தார்கள், போய்விட்டான். அவன் மேல் என்ன தப்பு? நான் ஒரு ரூபாய் கொடுக்கவில்லை. கற்றுக்கொடுப்பதே பெரிய தருமம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் அப்பாவாவது வாசலில் நிறுத்தினார். நான் உள்ளே விட்டுப் பட்டினி போட்டேன்.

இப்போது ஒரு பெண் வருகிறாள், இருபது வயது. கல்லூரியில் படிக்கிறாள். அம்மா பெங்களூரில் வீட்டு வேலைக்குப் போகிறவர். சனி, ஞாயிறு வருவாள். அடித்து விற்பதில் பாதிப் பணம் அவளுக்கு என்று முதல் நாளே பேசிவிட்டோம். "மேஸ்திரி" என்றுதான் கூப்பிடுவாள். தாத்தா என்றால் காசு விஷயத்தில் பேச வாய் வராதாம்! உடம்பு ஒல்லி, பெரிய சம்மட்டி தூக்கச் சிரமம். ஆனால் கண் இருக்கிறதே, கண். வைக்கோல் மஞ்சள் பழுப்பாக மாறும் அந்த இடத்தை என்னைவிட முன்னால் பிடிக்கிறாள். போன மாதம் நான், "இன்னும் கொஞ்சம் போகட்டும்" என்றேன். அவள், "வேணாம் மேஸ்திரி, வந்துடுச்சு" என்று முக்கிவிட்டாள். அந்தக் கத்தியை எடுத்துப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. சாக்குக்குப் பின்னால் நின்று அப்பா என்ன நினைத்திருப்பாரோ தெரியாது.

1974இல் வந்த அந்தப் பையனுக்கும் இப்போது என் வயதை ஒட்டி இருக்கும். மூன்று தெரு தள்ளி இருக்கிறார். இருமல். உலை மறுபடி எரிகிறது என்று கேள்விப்பட்டு ஒருநாள் வந்து வேலி ஓரம் நின்றார். உள்ளே வாங்க என்றேன். வந்து உட்கார்ந்தார். அந்தப் பெண் அடிப்பதை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பழைய பேச்சை அவர் எடுக்கவில்லை. நான் எடுத்தேன். "அதை விடப்பா" என்றார். அவ்வளவுதான்.

சங்கத்துக்கு நான் கேட்பது சின்ன விஷயம். பொங்கல் விழாவுக்கு மேடை அலங்காரத்துக்குச் செலவாகும் தொகையில் ஒரு பகுதியை எடுத்து, கொல்லோ தச்சோ தட்டு வேலையோ, எந்தக் கைத்தொழிலானாலும், யார் வீட்டுப் பிள்ளையானாலும், பள்ளி முடித்த இரண்டு பேருக்கு இரண்டு வருடம் மாதச் சம்பளமாகக் கொடுங்கள். கற்றுக்கொடுக்கிற கிழவனுக்கு வேண்டாம், கற்கிறவருக்குக் கொடுங்கள். சாதிச் சான்றும் வேண்டாம், அப்பன் தொழில் என்ன என்ற கேள்வியும் வேண்டாம். அதோடு உறுப்பினர் வீடுகளில் மழுங்கிக் கிடக்கும் கத்தியும் அரிவாள்மணையும் தூக்கி எறியப்படாமல் ஏதாவது ஒரு பட்டறைக்குப் போகட்டும்.

மகனுக்குப் போன வாரம் தொலைபேசியில் சொல்லிவிட்டேன், சுத்தியல் இப்போதைக்கு வராது, அது உபயோகத்தில் இருக்கிறது என்று. பிடி உடைந்துபோய் அந்தப் பெண் கருவேலங்கட்டையில் புதுப் பிடி போட்டிருக்கிறாள். தாத்தா போட்ட பிடியைவிடக் கொஞ்சம் சன்னம், அவள் கைக்குத் தகுந்த மாதிரி. வேண்டுமானால் பேரனைக் கூட்டிக்கொண்டு வா என்றேன். ஞாயிறு காலை ஏழு மணிக்கு உலை மூட்டுவோம். வருகிறவர்கள் வரலாம். பழைய லாரிப் பட்டை யாரிடமாவது கிடந்தால் கொண்டு வாருங்கள், நல்ல உருக்கு.